லூக்காஸுக்கு வந்த ஸ்பானிஷ் ஆசை

"ஸ்பானிஷ் படி பாப்பா. ஒரே ஒரு வருஷம். அப்பாவுக்காக."

லூக்காஸ் இப்படிச் சொன்னதும் மகள் ஜெசிந்தினிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானதில் தேயிலைத் தோட்டத்துக்கே தலைகால் புரியவில்லை. முதல் வருஷம் மூன்று பாடம் எடுக்க வேண்டும். தமிழும் புவியியலும் முடிவாகிவிட்டன. மூன்றாவதைப் பற்றிப் பேசும்போதுதான் அப்பா இந்தக் குண்டைப் போட்டார்.

"ஏங்க, புத்தி கித்தி பெசகிருச்சா?" என்று அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள் மதலேனா. "ஹாலிஎலயில யாரு ஸ்பானிஷ் பேசுறா? மரக்கறிக் கடை ஹாஷிம் நானாவா?"

"ஒனக்கு என்னா தெரியும்? உலகம் பூரா பேசுறாங்க. நம்ம கோயில் திருவிழாவுக்கு வந்தாரே ஸ்பெயின் சாமி, அவரு பேசினதைக் கேட்டியா? தேன் மாதிரி!"

"தேனோ பாகோ, ஒங்களுக்கு ஒரு வார்த்தை வெளங்குச்சா?"

லூக்காஸ் பேச்சை மாற்றினார். ஆனால் பிடியை மட்டும் விடவில்லை. தேயிலை ஃபெக்டரி இரைச்சலில் வேலை பார்ப்பவர், வீட்டில் ஒரு பேச்சுப் பேசினால் அதோடு சரி. அப்படிப்பட்ட மனுஷன் கெஞ்சினால் எந்த மகளுக்குத்தான் மறுக்க மனசு வரும்? சரி என்றுவிட்டாள்.

முதல் மாதம் விடுதியில் அழுகைதான். அப்புறம் என்ன மாயமோ, அந்தப் பாஷை அவளைப் பிடித்துக்கொண்டது. குளிக்கும்போதும் ஸ்பானிஷ், பஸ்ஸிலும் ஸ்பானிஷ். வருஷ முடிவில் விரிவுரையாளரே கூப்பிட்டு, "நீங்க பட்டத்தையே இதுல செய்யலாம்" என்றார். அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

விடுமுறைக்கு வந்தவள், சோற்றில் கை வைத்த கையோடு விஷயத்தைச் சொன்னாள்.

"மாதாவே!" என்று நெஞ்சில் கை வைத்தாள் மதலேனா. "அதுக்கு டீச்சர் வேலை குடுப்பாங்களாடி?"

ஜெசிந்தினி அப்பாவைப் பார்த்தாள். இது அவர் மூட்டிய தீ, அவர் கைவிடுவாரா?

"அம்மா சொல்றதுதான் சரி" என்றார் லூக்காஸ். "ஒரு வருஷம் போதும். இனி புவியியலைச் செய்."

"அப்பா! அப்ப என்னாத்துக்கு என்னைய அழ அழப் படிக்க வச்சீங்க?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆசையாகப் பிடித்ததைக் கையிலிருந்து பிடுங்கினால் யாருக்குத்தான் வலிக்காது?

லூக்காஸ் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். வாளியை எடுத்தார். "தண்ணி புடிச்சிட்டு வருவோம், வா."

மலைத் தண்ணீர் கொட்டும் பீலியடியில் யாரும் இல்லை. வாளியைத் தண்ணீருக்கு வைத்துவிட்டு, அப்படியும் இப்படியும் பார்த்தார்.

"அம்மாகிட்ட மூச்சு விடக்கூடாது. முந்தி நம்ம பங்குச் சாமியோட சேவல் காணாமப் போச்சுல்ல?"

"ஆமா. கீரிப்புள்ள கொண்டுபோயிருச்சுன்னு பிரசங்கத்துலயே சொல்லி வருத்தப்பட்டாரே."

"கீரிப்புள்ள இல்ல பாப்பா. நானும் எங்க ஃபெக்டரி ஜொனியும்."

"சீ, அப்பா!"

"மெதுவா, மெதுவா! சேவலைப் புள்ள மாதிரி வளத்தாரு. அவருகிட்டயே போயி, அதைத் திருடித் தின்னது நான்தான்னு எப்படிப் பாவசங்கீர்த்தனம் செய்ய? திருவிழாவுக்கு ஸ்பெயின் சாமி பாவசங்கீர்த்தனம் கேக்க ஒக்காந்தாரு. அவருக்குத் தமிழ் வெளங்காதுன்னு தோட்டமே அவரு பக்கம் வரிசை கட்டிருச்சு. நம்ம சாமி பக்கம் ஒரு ஈ காக்கா இல்ல. நானும் முட்டி போட்டு எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவரு கேட்டுட்டு என்னமோ சொன்னாரு. பாவம் தீர அபராதமா என்னா செய்யணும்னு சொன்னாருன்னே தெரியல. அதைச் செய்யாம பூசையில எப்படி நன்மை அப்பம் வாங்குறது? ஞாயித்துக்கிழமை தோறும் வயிறு சரியில்லன்னு அம்மாகிட்ட பொய். இப்ப அந்தப் பொய்யும் கணக்குல ஏறுது."

ஜெசிந்தினிக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. "அதுக்காகவா என்னைய ஸ்பானிஷ் படிக்க அனுப்புனீங்க?"

"வேற யாருகிட்ட கேக்க? அவரு சொன்னதை ஃபோன்ல சொல்லி அர்த்தம் கேட்டுப் பாத்தேன், அது பாட்டுப் போடுது. மறந்துறக் கூடாதேன்னு தெனமும் ஃபெக்டரியில அதையே சொல்லிக்கிட்டு இருக்கேன். அர்த்தத்தை மட்டும் சொல்லிரு, என் ஆத்துமா பொழைச்சுக்கும்."

"சொல்லுங்க, கேப்போம்."

லூக்காஸ் கண்ணை மூடிக் கைகூப்பினார். கர்த்தர் கற்பித்த செபத்தைக்கூட அவர் இவ்வளவு பக்தியாகச் சொல்லியதில்லை.

"நோ கொம்ப்ரெந்தோ நாதா. தீகாசெலோ அ சு பார்ரோக்கோ."

ஜெசிந்தினி இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். அட்சரம் பிசகாமல் சொன்னார்.

"செபமாலையா, உபவாசமா?" என்று ஆவலாகக் கேட்டார். "எதுவா இருந்தாலும் இன்னைக்கே செஞ்சிர்றேன்."

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "எனக்கு ஒண்ணுமே வெளங்கல, இதை ஒங்க பங்குச் சாமிகிட்டயே போயிச் சொல்லுங்கன்னு சொல்லியிருக்காருப்பா."

வாளி நிரம்பி வழிந்தது. லூக்காஸ் அதைக் கவனிக்கவில்லை. மகளின் தோளில் கை வைத்தார்.

"ஸ்பானிஷே படி பாப்பா. பட்டம் முடியிற வரைக்கும் நல்லாப் படி, வேற அர்த்தம் ஏதும் வருதான்னு பாப்போம்."