சோதனைக்கு வராத சொற்கள்

“‘பிரிட்டெண்ட்’ எண்டால் என்ன ரீச்சர்?”

“நடிக்கிறது.”

உதயகலா கொப்பியில் எழுதிக்கொண்டாள். லண்டனில் இருக்கும் கணவனிடம் போக விசா வேண்டும். அதற்கு இங்கிலீஷ் சோதனை பாஸாக வேண்டும். அதற்காகத்தான் உடுவிலில் பராசக்தி ரீச்சரிடம் படிக்கிறாள்.

“‘ஃபூலிங் ஹெர்’?”

“அவளை ஏமாத்துறது.”

“‘ஷீ சஸ்பெக்ட்ஸ் நத்திங்’?”

“அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. பிள்ளை, உதெல்லாம் சோதனைக்கு வராது. எந்தப் புத்தகத்திலை எடுத்தனீர்?”

“புத்தகம் இல்லை ரீச்சர். அவர் என்னோடை போனிலை கதைக்கேக்கை, இடையிலை பக்கத்திலை ஆருக்கோ சொல்லுறவர்.”



போன் அடித்தது. அவன்தான்.

“என்ன, இங்கிலீஷ் ஏறுதோ?”

“எங்கையப்பா! ஒரு சொல்லும் மண்டையிலை ஏறுதில்லை,” என்றாள் உதயகலா, பேனா மூடியைக் கழற்றியபடி.