சிக்கல் நாகநாதன் நினைவு விழா

"யாருய்யா சொன்னது, நான் செத்துப் போயிட்டேன்னு?"

நாடகக் கொட்டகை வாசலில் நாகநாதன் போட்ட சத்தத்தில், தோரணம் கட்டிக்கொண்டிருந்தவன் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

நாகநாதனின் கையில் எண்ணெய் படிந்த ஒரு நோட்டீஸ். 'இன்னிசை மாமணி சிக்கல் நாகநாதன் நினைவு விழாவும் திருவுருவப் படத் திறப்பும். அனைவரும் வருக!' கொழும்பிலிருந்து வந்து அன்று மதியம்தான் ராமநாதபுரத்தில் ரயிலை விட்டு இறங்கியிருந்தார். பசிக்கிறதே என்று ஸ்டேஷனில் வடை வாங்கினால், கடைக்காரன் அதைச் சுற்றிக் கொடுத்த காகிதம் இது.

விழாக் குழுச் செயலாளர் சதக் பாய் வெளியே வந்தார். மிளகாய் மண்டி முதலாளி. மூட்டையை அவிழ்க்காமலே உள்ளே எத்தனை சொத்தை என்று சொல்லக்கூடியவர். நாகநாதனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க யாரு பெரியவரே?"

"நோட்டீசுல போட்டிருக்கீகளே இன்னிசை மாமணி, அந்த மாமணி நான்தான்!"

"அவரு மவுத்தாகிப் பதிமூணு வருசம் ஆச்சே."

"என்னைக் கேக்காமலேயா?"

"கேட்டுக்கிட்டா எல்லாரும் மவுத்தாகுறாக?"

நாகநாதனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாகநாதன் – சண்முகவள்ளி ஜோடி என்றால், புருசனும் பெண்டாட்டியுமாக மேடையேறுகிறார்கள் என்று கடலாடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்த காலம் உண்டு. இருவரும் சேர்ந்து பாடிய இசைத்தட்டுகள் ஏழு. அந்தப் பாட்டு ஒலிக்காமல் இந்தச் சீமையில் ஒரு கல்யாணம் நடந்ததில்லை. எல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறோடு சரி. நாடகம் போட அக்கரைக்குப் போனார், கம்பெனி கலைந்தது. கொழும்பு ஓட்டல் ஒன்றில் 'ரெண்டு தோசை, ஒரு காப்பி' என்று அடுப்படிக்குக் குரல் கொடுத்தே பதின்மூன்று வருடம் ஓட்டினார். இப்போது அந்த ஓட்டலையும் இழுத்து மூடியாகிவிட்டது.

ஊர் அவரை மறந்துபோனது, சரி. சினிமாப் பாட்டு வந்ததும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது, அதுவும் சரி. அதற்காக ஆளைக் கொன்றே போடுவதா?

சதக் பாய் குரலைத் தாழ்த்தினார். "கோவிச்சுக்காதீக. தலைவரு பேச்செழுதிட்டு வந்து உக்காந்திருக்காரு. 'கொடிய காலன் கொண்டு போனான்'னு ஆரம்பிக்குது. இனிமே அதை மாத்த முடியாது. செத்தவருன்னா ஒரு மாலையோட முடிஞ்சுபோகும். உசுரோட வந்தா சாப்பாடு போடணும், ரூம் பிடிக்கணும், ரெண்டு பாட்டுப் பாடச் சொல்லணும்..."

"பாடச் சொல்லிப் பாருங்களேன்! பாடியே நிரூபிக்கிறேன்."

சரக்கைப் பார்க்காமல் வேண்டாம் என்று சொல்கிற வியாபாரியா சதக் பாய்? கிராமபோன் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, பழைய தட்டு ஒன்றைச் சுழலவிட்டார். நாகநாதனின் குரல் கணீரென்று எழுந்தது. ஏணியில் இருந்தவன் முதற்கொண்டு பத்துப் பேர் கூடிவிட்டார்கள். தட்டு நின்றதும் நாகநாதன் கண்ணை மூடி அதே பல்லவியை எடுத்தார். மேலே ஏறிய குரல் பாதி வழியில் பிசிறடித்து, இருமலாகக் கீழே விழுந்தது.

"சரக்கு வேற," என்றார் சதக் பாய்.

"ஏலே, மாமணிக்கு ஒரு சோடா ஒடச்சுக் குடுங்கலே!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"சிரிங்கய்யா, நல்லாச் சிரிங்க!" நாகநாதனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "உசுரோட இருக்கயில ஒரு டீத்தண்ணி வாங்கிக் குடுக்க நாதியில்ல. செத்தான்னதும் படமென்ன, மாலையென்ன, மைக் செட்டென்ன! இதுதான் ஒங்க ஊரு நியாயமா?"

அப்போதுதான் திறந்திருந்த கதவு வழியே அவர் பார்வை உள்ளே போனது. மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில், நாற்காலி நுனியில் சண்முகவள்ளி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பொட்டில்லை.

"அடப்பாவிகளா! நான் இங்கன குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், என் பொண்டாட்டி நெத்திய அழிச்சு வச்சிருக்கீகளே! எவன்யா அவளை இந்தக் கோலத்துல உக்கார வச்சது?"

சதக் பாயின் முகத்தில் இருந்த கேலி போய்விட்டது.

"அந்தம்மா எங்க மண்டியில மிளகா ஆயுறாக. காம்பு கிள்ளயில அவுக முணுமுணுத்த பாட்டைக் கேட்டுத்தான் இன்னாருன்னே எனக்குத் தெரிஞ்சுச்சு. இந்த விழாவே அவுகளுக்காக எடுக்குறதுதான். அவுக ஒரு வார்த்தை சொல்லட்டும். தலைவரு பேச்சைக் கிழிச்சுப் போட்டுட்டு, படத்து மாலையக் கழத்தி ஒங்க கழுத்துல போடுறேன்."

"கூப்பிடுங்க! பத்தாயிரம் பேருக்கு நடுவுல நின்னாலும் அவளுக்கு என்னைத் தெரியும்."

சண்முகவள்ளி எழுந்து வந்தாள். விரல் நுனியெல்லாம் மிளகாய்க் காந்தலில் சிவந்திருந்தது. நாகநாதனுக்கு ஒரு முழ தூரத்தில் நின்று, அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"வள்ளி..." என்றார் அவர்.

அவள் சதக் பாய் பக்கம் திரும்பினாள்.

"இவரு இல்ல முதலாளி. எங்க வீட்டுக்காரரு, மண்டபம் ஸ்டேஷன்ல என்னையும் ஆர்மோனியப் பெட்டியையும் உக்கார வச்சிட்டு, 'வெத்தலை வாங்கிட்டு வாரேன்'னு போனவரு. உசுரோட இருந்திருந்தா அன்னைக்குச் சாயங்காலமே வந்திருப்பாரு."

உள்ளே ஒலிபெருக்கி, மறைந்த கலைஞருக்காக இரண்டு நிமிட மௌனம் கேட்டது. வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நாகநாதனும் தலை குனிந்து நின்றார்.