மூன்றாவது விசில்

தீராத நோய் உள்ளவர்களைக் கவனிக்கும் நர்சுகளின் கூட்டம் அது. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தங்கள் வார்டில் செய்து பார்த்த ஒரு புது யோசனையைச் சொல்ல வேண்டும். தலைமை தாங்க வந்த டாக்டர், கூட்டம் தொடங்குவதற்குள் வெளியூரில் இருக்கும் அம்மாவுக்கு வழக்கம்போல் போன் போட்டார்.

"என்னம்மா, குரல் கம்மியிருக்கு?"

"சளிடா. அடுப்படியில நிக்கறேன்."

"இந்த வயசுலயும் உனக்கு ரிட்டையர்மென்ட் கிடையாதா?"

"நீ வந்து சமைச்சுப் போடேன். இரு, மூணாவது விசில் வந்துடுச்சு. வைக்கிறேன்."

அடுப்படியில் நிற்கிறவரைக்கும் அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று சிரித்தபடி மேடையேறினார்.

நாலாவதாகப் பேச வந்தவர், வெளியூர் நர்ஸ் ஒருவர்.

"எங்க வார்டுல ஒரு அம்மா இருக்காங்க. நாளை எண்ணிட்டிருக்கோம். மகனுக்குத் தெரியக் கூடாதுன்னு ஒரே பிடிவாதம். 'அவனை நம்பி எத்தனையோ உயிர் இருக்கு, எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவான்'னாங்க. அவங்க ஆசைப்படி நடக்கறதுதானே நம்ம வேலை? அதனால மகன் போன் பண்ணா, மெஷின் சத்தத்தைக் குறைச்சுட்டு, பதிவு பண்ணி வச்ச குக்கர் சத்தத்தைப் பக்கத்துல போடுவோம். அம்மா வீட்லதான் இருக்காங்கன்னு அவர் நினைச்சுப்பார்."

அரங்கம் கைதட்டியது. டாக்டரும் கைதட்டத்தான் கைகளைத் தூக்கினார். அவை பாதியிலேயே நின்றன. மைக்கை அருகில் இழுத்தார்.

"எத்தனை விசில் வைப்பீங்க?"

"மூணு சார்," என்றார் நர்ஸ். "அதுக்கு மேல பேச அவங்களுக்கு மூச்சு போதாது."