துப்புவதற்கு ஒரு வாளி

அன்று மேசையில் இருந்தவை ஆறு பாட்டில்களா ஏழா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. பமீலா போனில் சொன்னதைக்கூட அவள் சொன்னபடிதான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது சந்தேகம்தான்.

"நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்குங்கண்ணே," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவள் கணவன் கிளென் குடியை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் நண்பன் திருச்செல்வமோ எங்கள் இருவரையும் ஒயின் ருசிபார்க்கும் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தான். கிளெனுக்குப் பக்கத்தில் பொறுப்பான ஆள் ஒருவன் இருக்க வேண்டாமா?

நான் உட்கார்ந்தேன்.

நானும் குடிப்பவன்தான். ஆனால் அளவு தெரிந்தவன். வீட்டில், தனியாக, சத்தமில்லாமல் குடிப்பவன். என் மனைவி ரதிகூட அதைப்பற்றி ஒன்றும் சொல்வதில்லை. இப்போதெல்லாம் அவள் எதைப்பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை.

தம்பின் சாலையில், செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்கு நடுவே, பழைய துரை பங்களாவை உணவகமாக்கியிருக்கிறார்கள். தோட்டத்தில் வேலை பார்த்த எங்கள் மூவரின் அப்பாக்களும் அதன் பின்வாசல் வரைக்கும் போனவர்கள். நாங்கள் முன்வாசல் வழியாகப் போனோம். செருப்பைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

திருச்செல்வத்துக்குச் சிரம்பானில் டயர் கடை. கோலாலம்பூரில் மூன்று நாள் வகுப்புக்குப் போய் ஒயின் ருசிபார்ப்பதில் சான்றிதழ் வாங்கியிருந்தான். நாற்பது வருடம் ரப்பரை மோந்த மூக்கு மூன்றே நாளில் பிரான்ஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு சொற்பொழிவு. மலைச்சரிவு, அந்த வருடத்து மழை, மரப்பீப்பாய். பிறகு செய்முறை. கிளாஸைச் சாய்க்க வேண்டும், சுழற்ற வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், ஒரு வாய் வைத்துக் கொப்பளிக்க வேண்டும். கடைசியில், மேசை நடுவில் இருந்த வெள்ளி நிற வாளியில் துப்ப வேண்டும்.

"தொண்டைக்குள்ள எறக்கக் கூடாது. அது குடிகாரன் செய்யற வேல," என்றவன் கிளெனைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கிளென் கோபப்படவில்லை. ஒவ்வொரு கிளாஸையும் மூக்கருகே கொண்டுபோனான், வாயில் வைக்காமல் இறக்கினான்.

"என்னா வாசன வருது, சொல்லு?"

"ரப்பர் கட்டிப்பால் நாத்தம்லா. மழையில மூணு நாளு ஊறுனது."

சான்றிதழ் பெற்ற முகம் சுருங்கியது.

நான் சிரிக்கவில்லை. எனக்கு வேலை இருந்தது. கிளெனின் கையைப் பார்த்தேன், உதட்டைப் பார்த்தேன், தொண்டைக்குழியைப் பார்த்தேன்.

அவன் மோந்துவிட்டு வைக்கும் ஒயின் அவன் கண்ணெதிரே அப்படியே நிற்பது நல்லதல்ல. அதனால் அதை என் பக்கம் நகர்த்தி நானே முடித்தேன். நட்பு என்றால் சும்மாவா.

ஒவ்வொரு முறையும் முடித்தேன். என்னுடையதையும் முடித்தேன். யாரோ ஒருவன் மலைச்சரிவில் மழைக்குக் காத்திருந்து செய்ததை வாளியில் துப்ப எனக்கு மனம் வரவில்லை.

கடைசிக்கு முந்தின பாட்டில் என்று நினைக்கிறேன். திருச்செல்வம் பொறுமை இழந்துவிட்டான்.

"மூக்காலயே குடிச்சா எப்படிடா? ஒரு வாய் வச்சுத் துப்பு. துப்பிட்டா குடிச்சதா ஆவாது."

கிளென் என்னைப் பார்த்தான். என் முன்னால் வரிசையாக நின்ற காலி கிளாஸ்களைப் பார்த்தான்.

பிறகு தன் கிளாஸை எடுத்து ஒரு வாய் வைத்தான்.

எட்டு மாதம். அவன் கன்னம் உப்பியிருந்தது. தொண்டைக்குழி அசைகிறதா என்று குனிந்து பார்த்தேன். வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று மேடேறி, அதன் சத்தம் முழுதாக ஓயும் வரைக்கும் அவன் அப்படியே இருந்தான்.

வாளியை இழுத்துத் துப்பினான். தண்ணீரால் கொப்பளித்து அதையும் துப்பினான்.

எனக்கு உயிர் வந்தது. என் கிளாஸை எடுத்துப் பெரிதாக ஒரு வாய் வைத்தேன். பதற்றப்பட்டவன் நான்தானே.

கிளென் வாளியை என் முன்னால் நகர்த்தினான்.

"இப்ப நீ, மகேந்திரா."

திருச்செல்வம் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"துப்புலா," என்றான் கிளென். "இந்த ஒரு வாய் மட்டும். ரதி காலையிலயே போன் பண்ணி அழுவுது. ஒனக்காகத்தான் நான் வந்தேன், இல்லாட்டி இந்த நாத்தத்த மோந்து பாக்க எனக்கென்னா தலையெழுத்தா?"

வாய் நிறைய ஒயின் இருந்தது. வாளி ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவர்கள் இருவரும் காத்திருந்தார்கள். எனக்கு நினைவில் சந்தேகமே இல்லாத இடம் இது ஒன்றுதான்.

நான் விழுங்கினேன்.

"நல்ல ஒயின்," என்றேன் திருச்செல்வத்திடம்.

கிளென் என் சட்டைப்பைக்குள் கைவிட்டுக் கார் சாவியை எடுத்துக்கொண்டான்.

திருச்செல்வம் இப்போது சீஸ் வகுப்புக்குப் போகிறான். ரதி கிள்ளானில் எங்கள் மகள் வீட்டில் இருக்கிறாள். கிளென் குடியை விட்டு இரண்டு வருடம் முடிந்துவிட்டது. பமீலா அதற்குக் கேக் வெட்டினாள். வியாழக்கிழமைதோறும் லோபாக்கில் குடியை விட்டவர்களுக்கு நடக்கும் கூட்டத்துக்குப் போகும் வழியில் அவன் என் வாசலில் நின்று ஹார்ன் அடிக்கிறான். நான் இரண்டு முறை போயிருக்கிறேன்.