முப்பத்தொன்றாம் நம்பர் ஸ்டிக்கர்

கூடாரத்துக்குள் இரண்டு பந்தய பைக்குகள் நின்றன. சின்னது 250 சிசி, பெரியது 450. எதை வேண்டுமானாலும் ஓட்டலாம் என்கிற பந்தயம் அது. தொடங்க அரை மணி நேரம்தான் இருந்தது. ஜெரால்டு தன் முப்பத்தொன்றாம் நம்பர் ஸ்டிக்கரை இன்னும் எதிலும் ஒட்டவில்லை. காலையிலிருந்து இரண்டுக்கும் அதே கவலை.

“எதை எடுப்பான்னு உனக்குத் தெரியுமா?” என்று சின்ன பைக், தன் ஹேண்டிலில் காய்ந்துகொண்டிருந்த கையுறையிடம் கேட்டது.

“நேத்து இந்தப் பெரியவன் குலுக்கின குலுக்குல நாலாவது சுத்துலயே ஜெரால்டுக்கு விரல் மரத்துப்போச்சு. பிரேக்கைப் பிடிக்க முடியல. என்னைப் பல்லால கடிச்சுத்தான் கழட்டினான்” என்றது கையுறை.

“அதை இப்ப எதுக்குச் சொல்ற?” என்று பெரிய பைக் சிடுசிடுத்தது. “என்னை விட்டுட்டுப் போயிட்டா நான் எதுக்கு இருக்கேன்?”

ஜெரால்டு விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தபடி வந்தான். சின்ன பைக்கின் முன்னால் குனிந்து ஸ்டிக்கரின் தாளை உரித்தான். பக்கத்துக் கூடாரத்து வீரன் எட்டிப் பார்த்தான்.

“என்ன ஜெரால்டு, சின்னதுலயா போற?”

“சேச்சே, இது பிராக்டிஸுக்கு” என்று சொல்லி, ஜெரால்டு ஸ்டிக்கரைப் பெரியதில் ஒட்டினான். கையுறையை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான்.

பெரிய பைக் கையுறையிடம் மெதுவாகக் கேட்டது. “எத்தனாவது சுத்துன்னு சொன்ன?”

“நாலாவது.”

“இன்னைக்கு எத்தனை?”

“பதினாலு.”

ஜெரால்டு பட்டனை அழுத்தினான். பெரிய பைக் உடம்பெல்லாம் நடுங்கியது.

“என்னமா உறுமுது” என்றான் பக்கத்துக் கூடாரத்து வீரன்.