கதவைப் பிளந்த கத்தி

மேசையில் கிடந்த கத்தியைப் பார்த்ததும் வினாயகமூர்த்தியும் றிஸ்லானும் ஒரே நேரத்தில் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். இருவரும் ஒத்துப்போன முதல் காரியம் அதுதான்.

வினாயகமூர்த்தி தேற்றாத்தீவில் கம்மாலை வைத்திருப்பவர். லொறியின் வில்லுத்தகட்டை நெருப்பிலிட்டு, சம்மட்டியால் அடித்து, கேட்ட அளவுக்குக் கத்தி செய்து கொடுப்பார். றிஸ்லான் கட்டாரில் எட்டு வருடம் உழைத்துவிட்டு வந்து, அவருக்கு நேரெதிரே கொம்பியூட்டரில் ஓடும் மெசின் ஒன்றைப் போட்டவன். படத்தைக் கொடுத்தால் போதும், மெசின் கத்தியை வெட்டித் தள்ளும். இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை; ஏச்சு மட்டும் உண்டு.

மீனவர் சங்கக் களஞ்சியத்தில் மூன்று படகு எஞ்சின்கள் களவு போய் ஐந்து நாளாகியிருந்தது. மூன்று குடும்பங்கள் வாவியில் இறங்க வழியில்லாமல் கரையில் குந்தியிருந்தன. கதவில் பதிந்த தடத்தைப் பார்த்தால், சொல்லிச் செய்வித்த கனமான கத்தி என்று தெரிந்தது. கான்ஸ்டபிள் சப்னா போய் விசாரித்தபோது, "எனக்கொண்டும் தெரியா" என்று இருவரும் கையை விரித்துவிட்டார்கள். அதனால்தான் இன்று காலை இன்ஸ்பெக்டர் மதுரன் இருவரையும் நிலையத்துக்கு அழைத்திருந்தார்.

கத்தி ஒரு பொலித்தீன் பைக்குள் இருந்தது.

"தொடாமப் பாருங்க. இது ஆர்ர வேலை?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"என்ட இல்ல சேர்" என்றார் வினாயகமூர்த்தி. "பாத்தாலே தெரியுது, மெசின் வேலை."

"கையால தட்டினது சேர்" என்றான் றிஸ்லான். "எங்கட மெசினுக்கு இப்படிக் கோணலா வெட்டத் தெரியாது."

இன்ஸ்பெக்டர் கதிரையில் சாய்ந்துகொண்டார்.

"சங்கக் கதவு முதிரைப் பலகை. ரெண்டு விரல் தடிப்பு. அதைப் பிளக்கக் கள்ளனுக்கு மூண்டு நிமிசம்தான் பிடிச்சிருக்கு. அப்படியொரு கத்தி செஞ்சவன் சாதாரண ஆளில்ல."

இருவரும் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார்கள்.

வினாயகமூர்த்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "சேர், பிடிக்குக் கிட்ட ஒரு வளைவு கிடக்கு. அது என்ட கைபோலதான் கிடக்கு."

"அது வளைவில்ல மூர்த்தியண்ணன், டிசைன்" என்றான் றிஸ்லான். "என்ட கொம்பியூட்டருக்குள்ள கிடக்கு."

"தம்பி, முதிரையைப் பிளக்கோணுமெண்டா இரும்பைத் தண்ணியில தோய்க்கிற நேரம் தெரியோணும். உன்ட மெசின்ல தண்ணி பட்டா கரண்ட் அடிக்கும்."

"உங்கட கத்தியால கொத்தியிருந்தா, கதவுதான் கத்தியைப் பிளந்திருக்கும்."

வினாயகமூர்த்தி எழுந்தேவிட்டார். "சேர், எழுதுங்க. இது நான் செஞ்ச கத்தி. போன மாசம் கதிரவெளித் திவாகரன் வந்து, எதைக் கொத்தினாலும் முறியக்கூடாது எண்டு சொல்லிச் செய்விச்சவன்."

"அது பிடிக்காமத்தான் அடுத்த கிழமை என்னட்ட வந்தவன் சேர்." றிஸ்லான் போனைத் திறந்து நீட்டினான். "பாருங்க, பேர், திகதி, கத்தியோட அவன் நிண்டு எடுத்த படம்."

இன்ஸ்பெக்டர் இரண்டு வாக்குமூலங்களையும் எழுதிக் கையெழுத்து வாங்கினார். கதிரவெளிப் பக்கத்துப் பொலிசுக்குத் தொலைபேசியில் பேசினார். இரண்டு மணித்தியாலத்தில் பதில் வந்தது. திவாகரனின் மாட்டுக் கொட்டிலில், வைக்கோலுக்கடியில் மூன்று எஞ்சின்களும் இருந்தன. ஆளும் அகப்பட்டுவிட்டான்.

செய்தி கேட்டும் இருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

"சேர், ஆர்ர கத்தியெண்டு கோட்டில சொல்லுவாங்கதானே?" என்று கேட்டான் றிஸ்லான்.

"தீர்ப்பில எழுதியே தரோணும்" என்றார் வினாயகமூர்த்தி.

ஒருவாறு அவர்களை அனுப்பிவைத்தார் இன்ஸ்பெக்டர். கேற்றைத் தாண்டியும் அவர்களுடைய சண்டை கேட்டது.

சப்னா பையைக் கையில் எடுத்தாள். "இதுக்கு வழக்கு இலக்கம் போடவா சேர்?"

"வேணாம் பிள்ள, கெதியாக் குசினிக்குக் கொண்டுபோய்க் குடுங்க. நண்டு வெட்டுற கத்தியைக் காணல்லையெண்டு சமையல்காரர் விடிஞ்சதிலயிருந்து தேடுறார்."