போனுக்குள் ஒரு சக்களத்தி

பவானியின் போனில் இரண்டு சிம்கள் குடியிருந்தன. மூத்ததற்கு அந்தக் காலத்து அன்லிமிடெட் பிளான், ஆனால் ஆமை வேகம். புதிதாக வந்தது பறந்தது. பவானி எந்நேரமும் புதியதோடேயே குலாவ, மூத்ததற்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் பவானி கஸ்டமர் கேரை அழைத்தாள்.

“பழைய பிளானை கேன்சல் பண்ணிடலாமான்னு யோசிக்கிறேன்.”

“கேன்சல் பண்ணிட்டா திரும்பக் கிடைக்காது மேடம். இப்ப புதுசா யாருக்கும் தர்றதில்லை.”

“என் ஓரகத்தி கேட்டாக்கூடவா?”

“யார் கேட்டாலும் கிடையாது.”

“அப்ப அது இருக்கட்டும்.”

மூத்தது பூரித்துப்போனது. “பார்த்தியாடி! என்னைக் கைவிட அவளுக்கு மனசு வரலை.”

“சந்தோஷம் அக்கா, கொஞ்சம் நகருங்க” என்றது புதியது. “ஓரகத்திக்குப் போன் போட்டு உங்க பெருமையைச் சொல்லணுமாம். என்னைத்தான் கூப்பிடுறாங்க.”